தொண்டி ஏன் இரண்டாகிறது? சி மொழியும் தமிழ் எழுத்தும்

கேள்வி இதுதான். தங்கச்சிமடத்தில் மீன் கமிஷன் கடை நடத்தும் மாமாவுக்காக ஒரு தம்பி சி மொழியில் ஏலக் கணக்கு புரோகிராம் எழுதியிருக்கிறார். எந்த ஊர்ப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை என்று பதிந்து, மாதக் கடைசியில் ஊர்வாரியாகக் கூட்டிக் கொடுக்கும் புரோகிராம். ஊர்ப் பெயருக்கு 20 இடம் ஒதுக்கியபோது பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டன. 64 ஆக்கினார், வெட்டு நின்றது. ஆனால் தொண்டிக்கு மட்டும் மாதக் கணக்கில் இரண்டு மொத்தம் வருகிறது. அதோடு, வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிற அதே புரோகிராம் கடை கம்ப்யூட்டரில் விழுந்துவிடுகிறது. “அண்ணே, சி மொழிக்குத் தமிழ் ஒத்துக்காதா? பைத்தானுக்கு மாறிடவா, இல்ல பழைய பாமினி எழுத்துருவுக்கே போயிடவா?” என்று கேட்டு, கம்ப்யூட்டர் திரையைப் பிடித்த இரண்டு படங்களும் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, இரண்டும் வேண்டாம். சி மொழியில் ‘சார்’ என்று ஒரு வகை இருக்கிறதே (வாத்தியாரைக் கூப்பிடுகிற சார் இல்லை), அதற்கு எழுத்து என்று பொருள் சொல்லிக்கொடுத்த வாத்தியார்தான் உங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். என்னையும் அப்படித்தான் நிறுத்தினார்கள். அந்தப் பெயர் வைத்த காலத்தில், வைத்த நாட்டில், ஒரு எழுத்தும் ஒரு பைட்டும் (கணினி நினைவகத்தின் ஒரு அறை) ஒன்றாகவே இருந்தன. எழுத்துக்கு எண் கொடுக்க 1963இல் வந்த ஆஸ்கி அட்டவணையில் மொத்தமே 128 இடம். ஆங்கிலத்துக்கு அது போதும். பெயர் நிலைத்துவிட்டது, பொருள் நகர்ந்துவிட்டது.

சி மொழியின் தரநிலை 1989இல் முதன்முதலாக வந்தபோதே சார் என்பதை மிகக் கவனமாகத்தான் வரையறுத்தது. அதன் அளவு ஒன்று, அதாவது ஒரு பைட். அந்தப் பைட்டில் குறைந்தது 8 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) இருக்க வேண்டும். சரியாக 8 என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சிக்னல் கணக்குக்கான சில சிப்புகளில் சார் 16 பிட் இருக்கிறது, அவையும் தரநிலைக்கு உட்பட்டவைதான். அந்தப் பைட்டில் அடிப்படை எழுத்துத் தொகுதி அடங்க வேண்டும்: ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, 0 முதல் 9 வரை, சில குறிகள். 0 முதல் 9 வரை அடுத்தடுத்த எண்களாக இருக்கும் என்று உறுதி தருகிறது. ஆங்கில எழுத்துகளுக்கு அந்த உறுதிகூட இல்லை. ஐபிஎம் பெருங்கணினிகளின் எப்சிடிக் அட்டவணையில் ‘ஐ’க்கும் ‘ஜே’க்கும் நடுவில் இடைவெளி உண்டு, ‘ஆர்’க்கும் ‘எஸ்’க்கும் நடுவிலும் உண்டு. அவர்களையும் விட்டுவிடாமல் எழுதிய ஆவணம் அது. தமிழைப் பற்றி அது எந்த வாக்கும் தரவில்லை. ‘மற்ற எழுத்துகள் கம்பைலர் எழுதுகிறவர் பாடு’ என்று ஒதுங்கிக்கொண்டது (கம்பைலர் என்பது நாம் எழுதுவதைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கருவி).

ஆக, சார் என்பது கூடை. உங்கள் மாமாவிடம் கேளுங்கள், கூடை எண்ணினால் மீன் எண்ணியதாகுமா என்று.

இந்தக் கூடைகளில் தமிழ் எழுத்து எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒருமுறை பேப்பரில் போட்டுப் பார்த்துவிடுங்கள், பிறகு பாதிக் குழப்பம் தானே போய்விடும். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் நிரப்பியது 72. ‘க’வின் எண் 2965. இதை, எண்ணைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் எழுத வேண்டும். 2965ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 46, மீதி 21. யுடிஎஃப்-8இல் இந்த அளவுள்ள எண்ணுக்கு மூன்று பைட். முதல் பைட்டுக்கு 224 அடிப்படை, அடுத்த இரண்டுக்கும் 128 அடிப்படை. ஈவு 46 என்பது 64க்குள் அடங்கிவிடுவதால் முதல் பைட்டில் சேர்க்க எதுவும் இல்லை, அது 224 ஆகவே நிற்கும். இரண்டாவது 128+46, அதாவது 174. மூன்றாவது 128+21, அதாவது 149. முடிந்தது: க என்பது 224, 174, 149.

இன்னொன்று போடுங்கள். புள்ளியின் எண் 3021. 64ஆல் வகுத்தால் ஈவு 47, மீதி 13. ஆக 224, 175, 141. தமிழ்ப் பகுதி 64இன் மடங்கில் தொடங்கி 128 இடத்தில் முடிவதால், எந்தத் தமிழ் எழுத்தை எடுத்தாலும் முதல் பைட் 224தான், இரண்டாவது 174 அல்லது 175தான். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ராஸ்பெர்ரி பை விவகாரத்தில் திரும்ப வரும்.

இந்த முறையை 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, மேசைத்தாளில் எழுதி உருவாக்கினார்கள். அதன் அழகே இதுதான்: தொடர்ச்சிப் பைட் எல்லாம் 128க்கும் 191க்கும் நடுவில் மட்டும் வரும், தொடக்கப் பைட் ஒருபோதும் அந்த எல்லைக்குள் வராது. நடுவில் எங்கே போய் விழுந்தாலும் இரண்டு மூன்று அடி பின்னால் நகர்ந்தால் எழுத்தின் தலை கிடைத்துவிடும். சுழியம் என்ற பைட்டும் நடுவில் எங்கும் வராது. அதனால்தான் சரத்தின் (எழுத்துத் தொடரின்) முடிவைச் சுழியத்தால் அறிகிற சி மொழிக்கு, மொழியில் ஒரு வரி மாற்றாமல் இது பொருந்திப்போனது.

இப்போது உங்கள் முதல் படம். இராமநாதபுரம் என்று எழுதிப் பாருங்கள். இ, ரா, ம, நா, த, பு, ர, ம் என்று நாம் எண்ணினால் 8 எழுத்து. யூனிகோடு எண்ணினால் ‘ரா’ என்பது ர, கால் என்று இரண்டு, ‘நா’வும் அப்படியே இரண்டு, ‘பு’ இரண்டு, ‘ம்’ இரண்டு. மொத்தம் 12 குறியெண் (யூனிகோடு கொடுத்த எண்). நீளம் சொல்லும் சி மொழியின் ஸ்டிர்லென் எண்ணினால் 36 பைட். நீங்கள் ஒதுக்கியது 20, அதில் ஒன்று முடிவுச் சுழியத்துக்குப் போய்விடும். மீதி 19 பைட்டில் ஆறு குறியெண் முழுசாகவும், ஏழாவதான ‘த’வின் முதல் பைட் மட்டும் தனியாகவும் ஏறும். அதனால்தான் ‘இராமநா’ என்று வந்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரம் நிற்கிறது. அந்தச் சாய்சதுரம் தலை மட்டும் ஏறிய ‘த’. பாம்பனில் புள்ளி போய் ‘பாம்பன’ ஆகிவிட்டது. உங்கள் ஊரோ ‘தங்கச்’ என்று நிற்கிறது, பாவம்.

இடத்தை 64 ஆக்கியது சரிதான். ஆனால் பில் அடிக்கிற தாளில் அகலம் இல்லை, அங்கே வெட்டித்தான் தீர வேண்டும் என்கிறீர்கள். வெட்டலாம், எங்கே வெட்டுவது என்று தெரிந்து வெட்ட வேண்டும். வெட்டும் இடத்தில் இருக்கிற பைட் 128க்கும் 191க்கும் நடுவில் இருந்தால் பின்னால் நகருங்கள் என்று பல பேர் சொல்லிக்கொடுப்பார்கள். அதை மட்டும் செய்தால் சாய்சதுரம் போய்விடும், தப்பு போகாது. கீழக்கரையை எடுங்கள். எட்டுக் குறியெண், 24 பைட். 24 இடம் ஒதுக்கிவிட்டு ‘சரியாக இருக்கிறதே’ என்று நினைத்தால், சுழியத்துக்கு ஒன்று போய் 23தான் மிச்சம். தலை பார்த்துப் பின்னால் நகர்ந்தால் 21இல் நிற்பீர்கள். கிடைப்பது ‘கீழக்கர’. யுடிஎஃப்-8 விதிப்படி இதில் ஒரு குறையும் இல்லை. தமிழ்ப்படி ‘ரை’ என்ற எழுத்தைப் பிளந்து, ‘ர’ என்ற வேறொரு எழுத்தை உண்டாக்கிவிட்டீர்கள். சாய்சதுரமாவது தப்பைக் காட்டிக்கொடுத்தது. இது காட்டிக்கொடுக்காது.

எனவே இன்னொரு படி உண்டு. வெட்டுமிடத்துக்கு அடுத்து வருகிற குறியெண் 3006 முதல் 3021 வரையிலோ, 3031 ஆகவோ இருந்தால், அது தனியாக நிற்கத் தெரியாத குறி: கால், கொம்பு, சுழி, புள்ளி இந்த வகை. அது முன்னால் இருக்கிற எழுத்தோடு ஒட்டியது. அந்த எழுத்துக்கும் முன்னால் போய் வெட்டுங்கள். தமிழுக்கு இந்த ஒரு சோதனை போதும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டும் இதில் அடங்காது, படகுப் பெயர்களில் ஸ்ரீ அடிக்கடி வரும் என்பதால் அதற்குத் தனியாக ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

பில்லில் பத்தி கோணலாக வருவதும் இதே நோய்தான். அச்சிடும் செயலான பிரிண்ட்எஃப்பில் 20 அகலம் கொடுத்தால் அது 20 பைட்டுக்குத்தான் இடம் பார்க்கும். தமிழுக்கு ஸ்பேஸ் தட்டிப் பத்தி நேராக்கும் வேலையே வேண்டாம். ‘ஔ’வும் ‘ர’வும் ஒரே அகலமா? டேப் போடுங்கள், அல்லது பில்லைப் படமாக வரைந்து பிரிண்டருக்கு அனுப்புங்கள்.

இனி தொண்டி. உங்கள் முதல் படத்திலேயே விடை இருந்தது, நீங்கள் கவனிக்கவில்லை. அதில் ஒரு தொண்டி முழுசாக இருக்கிறது. இன்னொன்று ‘தொண்ட’ என்று வெட்டுப்பட்டுச் சாய்சதுரத்தோடு நிற்கிறது. ஒரே பெயர், ஒரே 20 இடம். ஒன்று மட்டும் ஏன் வெட்டுப்பட வேண்டும்? நீளம் வேறாக இருந்தால்தானே!

வேறுதான். ‘தொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ‘த’வும், ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியும் (3018) ஒரு விதம். ‘த’, தனி ஒற்றைக்கொம்பு (3014), தனிக் கால் (3006) என்று மூன்றாக எழுதுவது இன்னொரு விதம். முதல் விதத்தில் தொண்டி 18 பைட், உங்கள் 19க்குள் அடங்கியது. இரண்டாவது விதத்தில் 21, வெட்டுப்பட்டது. இடத்தை 64 ஆக்கியதும் இரண்டும் திரையில் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்தன. ஆனால் இரண்டு சரங்களை ஒப்பிடும் ஸ்டிர்கம்ப்புக்குக் கண் கிடையாது. பைட் பைட்டாக ஒப்பிட்டு ‘வேறு வேறு’ என்று சொல்லிவிடும். அதனால்தான் இரண்டு மொத்தம்.

இரண்டாவது தொண்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அநேகமாகப் பழைய எழுத்துருவில் இருந்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றிய ஏதாவது மாற்றிக் கருவியிலிருந்து வந்திருக்கும். பழைய எழுத்துருக்களில் கொம்பு தனி விசை, கால் தனி விசை. கருவி அதை இடம் மாற்றிப் போட்டதோடு விட்டிருக்கும், சேர்த்திருக்காது. தனுஷ்கோடி, வாலிநோக்கம், மோர்ப்பண்ணை என்று இரட்டைக்கொம்பும் காலும் வருகிற ஊர்களையும் பாருங்கள். அவையும் இரண்டாக இருந்தால் நான் சொல்வது சரி.

மருந்து எளிது. யூனிகோடு தரநிலை இந்த இரண்டு வடிவமும் ஒன்றே என்று அறிவித்து, எதை எதாகச் சேர்ப்பது என்றும் எழுதிவைத்திருக்கிறது. ஒருமைப்படுத்தல் என்று பெயர். எல்லா மொழிக்கும் செய்யப் பெரிய நூலகம் வேண்டும், தமிழுக்கு மட்டும் என்றால் நான்கே சேர்க்கை: ஒற்றைக்கொம்பும் காலும், இரட்டைக்கொம்பும் காலும், ஒற்றைக்கொம்பும் ஔகாரக் குறியும் (3031), ‘ஒ’வும் அதே ஔகாரக் குறியும். நாற்பது வரியில் எழுதிவிடலாம். எழுதி, பெயர் உள்ளே வரும் வாசலிலேயே வையுங்கள். ஒப்பிடுகிற இடத்தில் வைத்தால் ஒரு இடத்தில் மறப்பீர்கள்.

இதிலும் அடங்காத ஒன்று ‘கௌரி’. படகுக்குப் பெயர் வைக்கிறவர்கள் நிறையப் பேர் இதை ஒற்றைக்கொம்பு, ‘ள’ என்று தட்டுகிறார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடுக்கு அது ‘கெளரி’ என்ற வேறு சொல், சேர்த்துக்கொடுக்காது. அதைச் சட்டம் போட்டுத் திருத்த முடியாது தம்பி, படகுப் பட்டியல் ஒன்று வைத்துக்கொண்டு அதிலிருந்து தேர்வு செய்ய வையுங்கள்.

வடிவம் வேறு, குறி வேறு என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல சாட்சி உண்டு. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது ‘ணை’யின் வடிவம் மாறியது. அதற்கு முன்னால் மோர்ப்பண்ணை என்று எழுதியவர்கள் அந்த ‘ணை’யை யானைத் தும்பிக்கை போலச் சுழித்து எழுதினார்கள். யூனிகோடில் அதற்கும் இதற்கும் ஒரே எண்கள்தான்: 2979, 3016. தும்பிக்கை வேண்டுமென்றால் எழுத்துரு மாற்றினால் போதும். அங்கே வடிவம் இரண்டு, குறி ஒன்று. தொண்டியில் வடிவம் ஒன்று, குறி இரண்டு.

ராஸ்பெர்ரி பைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பிழை இது. தரநிலை சார் என்பது குறை எண்ணையும் ஏற்குமா, இல்லை நிறை எண் மட்டுமா என்று சொல்லவே இல்லை. கம்பைலர் எழுதுகிறவர் முடிவு செய்துகொள்ளலாம், ஆனால் எழுதிவைக்க வேண்டும் என்றது. கடைக் கம்ப்யூட்டரின் இன்டெல் வகைச் செயலியில் வழக்கமாகக் குறை எண் உண்டு, −128 முதல் 127 வரை. ராஸ்பெர்ரி பையின் ஆர்ம் செயலியில், லினக்ஸில், குறை எண் கிடையாது, 0 முதல் 255 வரை. அதே 224 கடைக் கம்ப்யூட்டரில் −32. 174 என்பது −82. 149 என்பது −107.

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? ஊர்ப் பெயரின் முதல் பைட்டை எடுத்து, 256 அறை உள்ள அட்டவணையில் அந்த எண் அறையில் போடுகிறீர்கள், தேடல் வேகமாக இருக்கட்டும் என்று. கடைக் கம்ப்யூட்டரில் −32ஆவது அறையைத் தேடிப் போனது. அப்படி ஒரு அறை இல்லை. அட்டவணைக்கு வெளியே எழுதியது, விழுந்தது. விழுந்ததே அதிர்ஷ்டம். விழாமல் பக்கத்தில் இருந்த எடைக் கணக்கை அழித்துவிட்டு ஓடியிருந்தால்?

சரி, பையில் நன்றாக ஓடியதே என்பீர்கள். ஓடியது. ஆனால் முன்னே சொன்னேனே, தமிழ் எழுத்து எதுவானாலும் முதல் பைட் 224. ஏர்வாடி, மண்டபம், தேவிபட்டினம், எல்லாமே 224ஆவது அறையில் அடைந்து கிடக்கின்றன. 255 அறை காலி. வேகத்துக்காகப் போட்ட அட்டவணை ஒரு வேலையும் செய்யவில்லை. பையில் ஓடியது என்பதை நான் ஓடியதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நானும் இதே பள்ளத்தில் விழுந்தவன்தான். பல வருடம் முன்பு ஒரு ஐஸ் கம்பெனிக்கு வரவு புத்தகம் செய்து கொடுத்தேன். பெயரில் எண் கலந்திருக்கிறதா என்று பார்க்கத் தரநிலையின் எழுத்துச் சோதனைச் செயல்களில் ஒன்றைக் கூப்பிட்டிருந்தேன். அவற்றுக்குக் குறை எண் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் என்ன நடந்தாலும் பொறுப்பில்லை என்று தரநிலை சொல்கிறது. ஆங்கிலப் பெயர் தட்டும்வரை ஓடியது. கணக்குப்பிள்ளை ஒருநாள் தமிழில் தட்டினார். இரண்டு நாள் தேடினேன், தப்பு ஒரே சொல்லில் இருந்தது: ‘அன்சைன்ட்’ (குறை எண் வேண்டாம்) என்று போட மறந்திருந்தேன். பைட்டைத் தொடும் இடம் எல்லாவற்றிலும் அன்சைன்ட் சார் என்று எழுதுங்கள். இதை விவாதிக்கக்கூட வேண்டியதில்லை.

ஒற்றை மேற்கோளுக்குள் ‘க’ போட்டு ஒப்பிட்டிருக்கிறீர்களே, அதையும் எடுத்துவிடுங்கள்; ‘க’ மூன்று பைட், ஒரு சாரில் அடங்காது. கம்பைலர் எச்சரிக்கை தந்திருக்கும், நீங்கள் மூடிவைத்திருக்கிறீர்கள்.

அகரவரிசை பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாமா கேட்பார். மீன் பட்டியலில் பாறையும் பால்சுறாவும் இருக்கின்றன. அகராதிப்படி ‘ல்’ முன்னால், ‘றை’ பின்னால். ஸ்டிர்கம்ப் வைத்து வரிசைப்படுத்தினால் பாறை முன்னால் வந்துவிடும், ஏனென்றால் யூனிகோடில் ‘ற’வின் எண் 2993, ‘ல’வின் எண் 2994. இந்தியில் தொடங்கி எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே சட்டத்தில் அடுக்கிய இஸ்கி என்ற இந்தியத் தரத்தின் அடுக்கை அப்படியே எடுத்துக்கொண்டதன் விளைவு. அந்த அடுக்கில் ‘ன’ ‘ந’வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அகரம் முதல் னகரம் வரை முப்பது என்று தொல்காப்பியம் வரிசை சொன்ன மொழியில் ‘ன’தான் கடைசி. இலக்கணப்படி க் என்பதே அடிப்படை, அதில் அகரம் ஏறினால் க. யூனிகோடில் தலைகீழ்: க அடிப்படை, புள்ளி ஒட்டினால் க். இதனால் கோபப்பட்டவர்கள் நிறைய. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் டேஸ்16 என்ற முறையைத் தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்ததும் அந்த வாதத்தின் தொடர்ச்சிதான். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் உலகத்தில் இருக்கிற போன் எல்லாம் யூனிகோடில் பேசும்போது, கடைக் கணக்குக்கு அதை எடுப்பது ஆளில்லாத துறைக்குப் படகு விடுகிற மாதிரி. வரிசைக்கு 23 மெய்களுக்கும் ஒரு தர அட்டவணை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், ஒரு மாலை வேலை.

பைத்தானுக்கு மாறினால் தீருமா? அங்கே தொண்டியின் நீளம் கேட்டால் 6 என்று சொல்லும், இரண்டாவது தொண்டிக்கு 7 என்று சொல்லும், இரண்டும் சமமா என்றால் இல்லை என்றே சொல்லும். சாய்சதுரம் வராது, அவ்வளவுதான் லாபம். கோ மொழி சி போலவே 18 என்கும். ஸ்விஃப்ட் மொழியோ 3 என்று நம் வாத்தியார் மாதிரி எண்ணி, இரண்டு தொண்டியும் ஒன்றே என்றும் ஒத்துக்கொள்ளும். மொழி மாற்றுவதால் கேள்வி மாறாது: எதை எண்ணுகிறாய், பைட்டையா, குறியெண்ணையா, எழுத்தையா?

சி மொழியிலேயே ‘அகன்ற எழுத்து’ என்று ஒரு வகை இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். விண்டோஸில் அது 16 பிட், லினக்ஸில் 32. தமிழ் எழுத்து இரண்டிலும் அடங்கும், ஆனாலும் ‘தொ’ இரண்டு அறைதான். 2019இல் யூனிகோடில் சேர்த்த பழைய பின்னக் குறிகளோ 16 பிட்டில் அடங்கவே அடங்காது. முந்திரி, அதாவது 320இல் ஒன்று, அதன் எண் 73664. பழைய ஓலைக் கணக்கை யாராவது கணினியில் ஏற்ற நினைத்தால் விண்டோஸில் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

பாமினிக்குப் போவது பற்றி ஒரே விஷயம். அந்தக் கோப்புகளுக்குள் தமிழே இல்லை. ஆங்கில ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசை, அதற்குமேல் ‘தமிழ்’ என்ற சட்டை. சி மொழிக்கு அது சுகமாகத்தான் இருக்கும், ஒரு எழுத்துக்குறிக்கு ஒரு பைட். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால்தான் சட்டை கழன்றுவிடும்.

எழுத்தை விட்டு எண்ணுக்கு வந்தால் உங்கள் கணக்கில் எனக்கு அதைவிடப் பெரிய பயம் இருக்கிறது. ஒரு ஏலத்தின் விவரங்களை ஒன்றாகக் கட்டிய ஸ்டிரக்ட்டை அப்படியே கோப்பில் கொட்டி வைக்கிறீர்கள். அதில் ‘லாங்’ என்ற முழு எண் வகை இருக்கிறது. 64 பிட் விண்டோஸில் லாங் 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8. தரநிலை குறைந்தது 32 பிட் என்று மட்டும்தான் சொல்கிறது, இருவருமே சரி. உறுப்புகளுக்கு நடுவில் கம்பைலர் தன் வசதிக்கு விடுகிற வெற்றிடமும் மாறலாம். வீட்டில் எழுதிய கோப்பைக் கடையில் படித்தால் கிலோ இருக்கிற இடத்தில் விலை வரும். வரிக்கு ஒரு ஏலம் என்று, டேப் வைத்துப் பிரித்து, உரைக் கோப்பாகவே வையுங்கள். எக்செல்லில் திறக்க வேண்டுமென்றால் கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டைப் போடுங்கள், அப்போதுதான் அது யுடிஎஃப்-8 என்று எக்செல் புரிந்துகொள்ளும். திரும்பப் படிக்கும்போது அந்த மூன்றையும் தள்ளிவிட்டுப் படிக்க மறக்காதீர்கள், மறந்தால் முதல் வரி ஊர் எதனோடும் ஒத்துப்போகாது.

ரூபாயைத் தசம எண் வகையான ‘ஃப்ளோட்’டில் கூட்டுகிறீர்கள். இப்போது எல்லாரும் பயன்படுத்தும் செயலிகளில் ஃப்ளோட்டுக்கு 24 பிட் துல்லியம். 1,67,77,216 வரை ஒவ்வொரு ரூபாயும் சரியாக ஏறும், அதற்குமேல் ஒரு ரூபாய் கூட்டினால் கூட்டாத மாதிரி அப்படியே நிற்கும். பைசா அதற்கு வெகு முன்னாலேயே நழுவ ஆரம்பித்துவிடும். இறால் நன்றாக விழுந்த வருஷத்தில் அந்த எல்லையைத் தாண்டாதா? எடையைக் கிராமாகவும் பணத்தைப் பைசாவாகவும் முழு எண்ணில் வையுங்கள். முழு எண் என்றதும் ‘இன்ட்’ போட்டுவிடாதீர்கள். 32 பிட் இன்ட்டில் 2,14,74,83,647 பைசா வரைதான், அதாவது இரண்டு கோடியே பதினான்கு லட்சம் ரூபாய்ச் சொச்சம். அதைத் தாண்டினால் தொகை குறை எண்ணாகும் என்றுகூட நம்ப முடியாது. 2024இல் வெளிவந்த சி23 தரநிலை குறை எண்ணை எப்படி எழுதுவது என்பதை ஒரே முறையாக்கிவிட்டது, ஆனால் எல்லை தாண்டினால் பொறுப்பில்லை என்ற விதியை விடவில்லை. 64 பிட் முழு எண் எடுங்கள், கடைக்குப் பேரன் காலம்வரை போதும்.

சந்தோஷமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜிசிசி என்ற கம்பைலரின் 10ஆம் பதிப்பு முதல் மாறிகளுக்கே தமிழில் பெயர் வைக்கலாம். எடை, விலை, தொகை என்று எழுதினால் கம்பைல் ஆகும், நான் செய்து பார்த்திருக்கிறேன். ‘தொகை’யை மட்டும் சேர்த்த வடிவத்தில் தட்டுங்கள், சி23 பெயர்கள் ஒருமைப்பட்ட வடிவில்தான் இருக்க வேண்டும் என்கிறது. இல்லையென்றால் தொண்டிக்கு நடந்தது புரோகிராமுக்குள்ளேயே நடக்கும்.

ஓடுகிற கடையில் கை வைக்க வேண்டாம். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கும், மாமாவுக்கும் வேலை குறைவு. அப்போது பழைய கோப்புகளை நகலெடுத்து வைத்துக்கொண்டு, முதலில் ஒருமைப்படுத்தி, இரண்டு தொண்டியையும் சேர்த்து, மொத்தம் பழைய பேரேட்டோடு ஒத்துப்போகிறதா என்று கையால் கூட்டிப் பாருங்கள். அதற்குள் அந்த நாற்பது வரியை எழுதி அனுப்பினால் படித்துச் சொல்கிறேன்.